கம்பைக் கழட்டக் கூடாது!

சேலம் சூரமங்கலம். மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். விடிந்தால் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆரம்பம். தேவாலயத்துப் பின்கட்டு மாடிக்கு நைசாக ஏறிப் போனேன். கதவைத் திறந்ததும் பெவிகால் வாசம், தரையெல்லாம் தெர்மாகோல் துகள். நடுவில் ஒரு வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி. அதைச் சுற்றி நாலு அக்காமார், இரண்டு அண்ணன்மார், உதவி என்ற பேரில் வந்து சேர்ந்த பத்துப் பன்னிரண்டு வாண்டுகள். வந்தது யாரென்று ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் கத்தரிக்கோலைத் திணித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வருஷக் கைவேலை, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்து திரிந்த உடன்படிக்கைப் பெட்டி. அளவு யாத்திராகமத்திலேயே இருக்கிறது: நீளம் 2½ முழம், அகலம் 1½, உயரம் 1½. எபிரேயர் முழமும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான். நம்ம பூக்காரம்மா மல்லிகைச் சரத்தைப் போடுகிற அதே முழம்! ஸ்கேல் எதற்கு?

அங்கேதான் வந்தது வினை. யார் கை? இரண்டாம் வகுப்புப் பொடியன் அளந்தால் பாதி அட்டை மிச்சம். நெட்டையான அண்ணன் அளந்தால் அட்டை பத்தவே இல்லை. அரை மணி நேரப் பஞ்சாயத்துக்குப் பிறகு ஓர் அக்காவின் கை தேர்வானது. டேப் வைத்துப் பார்த்தால் சரியாக ஒன்றரை அடி. ஆக, பெட்டி மூன்றேமுக்கால் அடி. இன்னொரு அட்டையை ஒட்டவேண்டியதாயிற்று. அதன்மேல் தங்க நிறக் காகிதம், மூடியில் இறக்கை விரித்த இரண்டு தெர்மாகோல் கேருபீன்கள். ஒன்றுக்கு மூக்கு கொஞ்சம் கோணல். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டியோடு வைக்க, வனாந்தரத்தில் அவர்களுக்கு உணவாகக் கிடைத்த மன்னா வேண்டுமே! கொத்தமல்லி விதை போல, வெள்ளையாக, தேன் சுவையோடு இருந்ததாம். அக்கா வாசித்து முடிப்பதற்குள் ஒரு வாண்டு கத்தினாள்: “ஜவ்வரிசிக்கா!” வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கு இது தோன்றும்? 1981லேயே ஜவ்வரிசிக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் கண்ட ஊராயிற்றே. வேகவைத்துத் தேன் விட்டார்கள். மன்னாவை விடியும்வரை வைத்தால் புழு வைக்கும். ஓய்வுநாளுக்கென்று முந்தின நாள் சேர்த்தது மட்டும் கெடாது. இதைச் சோதித்துவிடலாம் என்று ஒரு கிண்ணம் ஒதுக்கினோம். சாயங்காலத்துக்குள் கிண்ணம் காலி.

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளுக்கான கைவேலைப் பட்டறைகளிலும் இதே கூத்துதான். ஆட்டுக்கடாக் கொம்பைத் துளைத்து ஷோஃபார் எக்காளம் செய்வார்கள். பஸ்காவின் புளிப்பில்லா அப்பம் சுடுவார்கள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பேறி இறங்கியாக வேண்டும். “சப்பாத்திதானேக்கா?” என்றது ஒரு குரல். கிட்டத்தட்ட அதேதான். இன்னொன்று: வி.பி.எஸ்.ஸின் முன்னோடிகளில் ஒன்று 1898ல் நியூயார்க்கில், வாடகைக்கு எடுத்த ஒரு பீர்க்கடைக் கூடத்தில் நடந்தது. இதை வாண்டுகளுக்குச் சொல்ல எங்கள் வி.பி.எஸ். டைரக்டர் அனுமதிக்கவில்லை.

மெல்கிசேதேக்கு சாலேமின் ராஜா என்று வேதாகமத்தில் படித்த இன்னொருவன், அவர் நம்மூர்க்காரர் என்றே முடிவு கட்டிவிட்டான். பக்கத்திலேயே ஜங்ஷன் இருக்கிறதே, வந்திறங்க!

ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியைக் கீழே இறக்கப் போனோம். நாலு வளையம், இரண்டு நீளக் கம்பு. மாடிப்படி திருப்பத்தில் கம்பு சிக்கிக்கொண்டது. “கழட்டிடலாம்” என்றார் ஓர் அண்ணன். அந்த இரண்டாம் வகுப்புப் பொடியன் குறுக்கே நின்றான்: “கழட்டக் கூடாதுன்னு போட்டிருக்குண்ணா!” புரட்டிப் பார்த்தோம். யாத்திராகமம் 25ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். போட்டிருந்தது.

கடைசியில் கொடிக்கயிறு கட்டி, மொட்டைமாடிச் சுவர் வழியாக இறக்கினோம். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளைக் கொண்டு வாருங்கள். அடுத்து நோவாவின் பேழை, நீளம் 300 முழம்.