மீன் வளர்த்த தண்ணீரில் கீரை



கோடையில் கிணறு வற்றினால் கீரைப் பாத்திக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டு மீனும் கீரையும் வளர்க்கலாம். இதற்கு 'அக்வாபோனிக்ஸ்' என்று பெயர்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கே விஷம். ஜல்லியில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உரம். செடி அதை எடுத்துக்கொள்ள, தண்ணீர் சுத்தமாகித் தொட்டிக்குத் திரும்பும்.

தேவையானவை: 500 லிட்டர் தொட்டி, அதன்மேல் ஒரு அடி ஆழத்துக்கு ஜல்லிப் படுகை, தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன மோட்டார். ஜல்லியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

நாங்கள் முதல்தடவை அவசரப்பட்டோம். தொட்டி நிரப்பின மறுநாளே 50 குஞ்சு விட்டோம். ஒரே வாரத்தில் அத்தனையும் செத்து மிதந்தது. நுண்ணுயிர் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே முதலில் பத்து ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு போதும். பிறகு இருபது வரை கூட்டலாம். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவே தீவனம் போடுங்கள்.

கரண்ட் போனால் மீன் மூச்சுத் திணறும். குடத்தால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும். கீரைக்குப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

ஒரு தொட்டி வீட்டுச் சமையலுக்கு உதவும். பெரிய லாபம் வரும் என்று நம்பிக் குழுக்கடன் வாங்காதீர்கள். ஒரு வருடம் சின்னதாக நடத்திப் பாருங்கள். சந்தேகங்களை நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.