ஒரு கம்பியில் இரு தடம்

சென்ற கோடை விடுமுறையை யாம் திருப்பூரில், எம் தாய்மாமன் பணிபுரியும் பனியன் கம்பெனியொன்றிற் கழித்தோம். அலுவலகம் தெருவின் ஒருபுறம். துணி வெட்டும் கூடம் மறுபுறம். ஒரு மாலை அலுவலகத்தினின்று, "கூடுதலாக ஐம்பது பெட்டிக்கு வெட்டுக" எனத் தொலைபேசியிற் கூறினர். கட்டிங் மாஸ்டர் செவியில் 'எண்பது' என வீழ்ந்தது. 30 பெட்டிக்குரிய துணி மிகையாக வெட்டுண்டது. பழி முழுவதும் அவர் தலையில் ஏறிற்று. செவி மந்தமென்றும் சிலர் கூறினர். ஐகாரக் குறுக்கம் பயின்ற எமக்கு, ஐகாரம் அறவே கெட்ட இடத்தைக் காண அன்றுதான் வாய்த்தது.

மறுநாள் வந்த பொறியாளர் காட்டிய காரணம் வேறு. அத்தொலைபேசி இணைய முறையில் இயங்குவது. கணினிகளின் கம்பியிலேயே குரலும் செல்லும். குரல் ஒரு நொடியில் 8000 முறை அளக்கப்பட்டு எண்களாகி, 20 மில்லிநொடிக்கு ஒரு பொதியாக, நொடிக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. தலைப்புக் குறிப்புகளையும் சேர்த்தாலும் ஒரு பேச்சிற்கு 100 கிலோபிட்டும் வேண்டா. இரு கட்டடங்களையும் இணைத்த கம்பியோ 100 மெகாபிட் தாங்குவது. அவ்வாறாயின் இடர் எங்ஙனம் நேர்ந்தது?

அந்நேரத்தில் டிசைன் அறையினர் பலர் பெருங் கோப்புகளை மறுபுறத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். பல கணினிகளின் பொதிகள் சுவிட்ச் என்னும் பெட்டியில் ஒருங்கே குவிந்து ஒரே கம்பியிற் புக முந்தின. சுவிட்சின் நினைவிடம் சிறிது. நிறைந்தபின் வருவனவற்றை அது கீழே விட்டுவிடும். கோப்பின் பொதி வீழ்ந்தால் மீண்டும் அனுப்பப்படும். குரற்பொதி மீண்டு வந்தும் பயனில்லை. கேட்போர் அவ்வெழுத்தைக் கடந்துவிடுவர் அன்றோ! தொடர்ந்து 10 பொதிகள் வீழின் 200 மில்லிநொடி கெடும். ஒரு சொல்லின் முதலெழுத்தை விழுங்க அது போதும்.

இதற்குச் செய்யத்தக்கது யாது? ஒரு மேசைக்கு வருவது ஒரே கம்பி: சுவிட்சினின்று தொலைபேசிக்கு, தொலைபேசியின் பின்புறத்தினின்று கணினிக்கு. சுவிட்சில் அக்கம்பி செருகப்படும் வாய் போர்ட் எனப்படும். ஒரு போர்ட்டிலேயே இரு தடங்கள் வகுக்கலாம். தடத்திற்கு விலான் என்று பெயர். கணினிக்கு விலான் 10, குரலுக்கு விலான் 20 என வைத்துக்கொள்க. கணினியின் பொதி குறியின்றி வரும். தொலைபேசி தன் பொதியில் 4 பைட் குறியொன்றைச் செருகும்; அதில் தட எண்ணும், 0 முதல் 7 வரையுள்ள முதன்மை எண்ணும் அடங்கும். குரலுக்கு வழக்கமாக 5. தன் தட எண்ணைத் தொலைபேசி எவ்வாறு அறியும் எனின், எல்.எல்.டி.பி. என்னும் முறையால் சுவிட்சே அதற்கு அறிவிக்கும்.

தடம் பிரித்தவளவில் வேலை முடிந்ததெனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது பிழை. கட்டடங்களுக்கு இடையிலுள்ள கம்பி ஒன்றே. இரு தடமும் அதிலேதான் நெருங்கும். ஆதலின் அக்கம்பிக்குரிய போர்ட்டில் முதன்மைக் குறியை மதிக்குமாறும், குரல்வரிசை காலியான பின்னரே பிற வரிசைகளை விடுமாறும் இருபுறத்துச் சுவிட்சுகளிலும் அமைக்க வேண்டும். மற்றொன்று: கணினியும் தன் பொதியில் 5 என்று பொறித்துக்கொள்ளக்கூடும். எனவே தொலைபேசியின் குறியை நம்பி, கணினியின் குறியை 0 ஆக்கிவிடல் வேண்டும். திருமண வீட்டில் எல்லோரும் முதற்பந்திக்கு உரியவரெனின் முதற்பந்தி ஏது?

மின்சாரத்தையும் இக்கம்பியே தரும். 2003-இல் வகுத்த விதிப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை அளிக்கலாம். 24 போர்ட்டும் முழுதும் ஈந்தால் 370 வாட்டை நெருங்குமாதலின், சுவிட்சின் மொத்த ஆற்றலைப் பார்த்தே வாங்குக. சுவிட்சிற்கு யு.பி.எஸ். இருப்பின், மின்வெட்டில் தையற்பொறிகள் ஓய்ந்தாலும் தொலைபேசி பேசும்.

இவையெல்லாம் கம்பெனியின் வாயில் வரைக்கே. இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் ஒரு வரம்பிற்குட்பட்டு அனுமதிக்கப்பட்டது; ஆயினும் பொது இணையத்திற் புகுந்தபின் எம் 5 என்னும் குறியை எவரும் மதித்தாக வேண்டுவதில்லை. வெளிநாட்டாருடன் பேசுகையில் குரல் அறுவதற்கு இம்முறை முழுமருந்தாகாது.

பொறியாளர் அமைத்து முடித்ததும், டிசைன் அறையினரைக் கோப்புகளை மீண்டும் அனுப்பச் செய்து, யாமே அலுவலகத்தினின்று அழைத்தோம். "ஐம்பது, எண்பது, ஐம்பது" என்றோம். கட்டிங் மாஸ்டர் மூன்றையும் பிழையின்றித் திருப்பிச் சொன்னார். பின்பு, "இதை முதலாளியிடமும் சொல்லுங்கள், தம்பி" என்றார்.