வெள்ளைப் பைன் கொப்புளத் துரு நோயும் எதிர்ப்புத் திறன் ஆய்வும்

வெள்ளைப் பைன் கொப்புளத் துரு என்பது குரோனார்ட்டியம் ரிபிகோலா என்னும் பூஞ்சையால் வரும் நோய். ஒரு கொத்தில் ஐந்து ஊசியிலைகள் உள்ள பைன் மரங்களையே தாக்கும். 1910இல் பிரான்சிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு வந்த நாற்றுகளோடு இது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்தது. அங்கிருந்த மரங்களுக்கு இந்நோய் புதிது.

இது பைனிலிருந்து பைனுக்கு நேரடியாகப் பரவாது. இடையே கரண்ட், கூஸ்பெரி போன்ற ரைபீஸ் இனச் செடி வேண்டும். (நம் நெல்லிக்காயையும் ஆங்கிலத்தில் கூஸ்பெரி என்பார்கள், அது வேறு குடும்பம், மாணவர்கள் குழம்ப வேண்டாம்.) குளிர்ந்த, ஈரமான நாட்களில் ரைபீஸ் இலைகளிலிருந்து கிளம்பும் வித்துகள் ஊசியிலைத் துளைகள் வழியே நுழைகின்றன. பூஞ்சை கிளைக்கும் தண்டுக்கும் இறங்கி, பட்டையில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்களாக வெடிக்கும். தண்டை முழுதும் சுற்றிவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி பட்டுப்போகும். 1930களில் ரைபீஸ் செடிகளை ஆள் வைத்துப் பிடுங்கிப் பார்த்தார்கள். மேற்கு மலைக்காடுகளில் அது பலிக்கவில்லை.

ஆனால் நோய் வாட்டிய காடுகளிலும் சில மரங்கள் பசுமையாக நின்றன. அவற்றின் விதைகளே ஆய்வுக்கு அடிப்படை. ஒரிகன் மாநிலத்தின் டொரினா மரபியல் வள மையத்தில் 1966 முதல் இச்சோதனை நடக்கிறது. ஈரப்பதம் நிறைந்த அறையில் நாற்றுகளை அடுக்கி, மேலே நோயுற்ற ரைபீஸ் இலைகளைப் பரப்பி வித்துகளை உதிர விடுகிறார்கள். பிறகு எந்தத் தாய்மரத்தின் பிள்ளைகள் பிழைக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறார்கள்.

1970இல் போஹுன் கின்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் சர்க்கரைப் பைனில் ஒற்றை மரபணுவால் வரும் எதிர்ப்பைக் கண்டறிந்தனர். பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே மடிந்துவிடும்; உயிருள்ள செல்களை நம்பி வாழும் பூஞ்சைக்கு அங்கே உணவில்லை. விடை கிடைத்துவிட்டது போலவே தோன்றியது. ஆனால் வட கலிபோர்னியாவின் ஹேப்பி கேம்ப் அருகே, இந்த மரபணு உள்ள மரங்களையும் கொல்லும் பூஞ்சை வகை தோன்றியது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதுமே!

எனவே இப்போது பல மரபணுக்கள் சேர்ந்து தரும் மிதமான எதிர்ப்பையும் தேடுகிறார்கள். அத்தகைய மரம் நோயுறும். ஆனால் புண் மெதுவாக வளரும், சில சமயம் காய்ந்து ஆறியும் விடும். இதை அளப்பது கடினம், காலமும் பிடிக்கும்.

உயர்மலைகளில் வளரும் வெண்பட்டைப் பைனுக்கு அவகாசம் குறைவு. 2022இல் அமெரிக்கா அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. அது கூம்பு தரவே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். அந்த விதைகளையும் நட்கிராக்கர் பறவை முதலில் கொத்திச் சென்றுவிடும். அதனால், தேர்ந்தெடுத்த மரங்களில் ஆட்கள் ஏறி, கூம்புகளுக்குக் கம்பிவலைக் கூடு கட்டிவிட்டு, விதை முற்றியதும் மீண்டும் ஏறிப் பறிக்கிறார்கள்.