உப்பு அரித்த பிரேக் குழாய்: மாற்றுவதா, வண்டியைக் கைவிடுவதா?

அமெரிக்காவில் கார் தொழிலுக்குப் பேர்போன ஊர் டெட்ராய்ட். அந்த நகரத்துக்கு நேர் கீழே, சுமார் 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வற்றிய கடல் விட்டுச்சென்ற உப்பு அது. வெட்டி மேலே கொண்டுவரப்படும் உப்பைப் பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டுகிறார்கள். அங்கே ஓடும் கார்களின் அடிப்பாகத்தைத் தின்று தீர்ப்பதும் அதே உப்புதான்.

உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி வரை சாலைக்கு நன்றாகப் பயன்படும். அதற்கும் கீழே குளிர் இறங்கினால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகளைக் கரைசலாகத் தெளிக்கிறார்கள். 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சாலையில் உப்பு போடுவதைச் சோதித்துப் பார்த்தது. இன்று அமெரிக்கா மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலையில் இறைக்கிறது. உப்பு போடாவிட்டால் பனியில் சறுக்கி உயிர் போகும் என்பதால் இதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்தில் தெறித்துப் போய் ஒட்டும் இடங்களில் ஒன்று, நம் உயிரைத் தாங்கும் பிரேக் குழாய்.

பிரேக் மிதியை அழுத்தும்போது என்ன நடக்கிறது? காலின் விசையை மிதியின் நெம்புகோலும் பூஸ்டரும் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கின்றன. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னாரே, அந்த விதிப்படி அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. கொண்டுசெல்லும் குழாய் பெரும்பாலான கார்களில் 4.75 மில்லிமீட்டர் விட்டம்தான். அதன் சுவர் 0.7 மில்லிமீட்டர். கார் டயருக்கு 32 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். பலமாக பிரேக் பிடிக்கும்போது இந்த மெல்லிய குழாய்க்குள் அழுத்தம் 1000 பிஎஸ்ஐயைத் தாண்டுகிறது.

குழாய் எஃகால் ஆனது. மேலே துத்தநாகம், அலுமினியம், நைலான் போன்ற பூச்சுகள் இருக்கும். ஒரு கல் தெறித்துப் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தால் போதும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், இரும்பு எலக்ட்ரானை இழந்து துருவாகும் வேலை வேகமெடுக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உப்பி, பக்கத்திலிருக்கும் பூச்சையும் தூக்கிவிடும். குளோரைடு அயனிகளின் குணம் இன்னும் பொல்லாதது. அவை பரவலாக அரிக்காமல் ஓரிடத்தில் குழி பறிக்கும். குழிக்குள் குளோரைடு சேரச் சேர அங்கே அமிலத்தன்மை கூடும்; அமிலம் கூடக் கூடக் குழி இன்னும் ஆழமாகும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் அரிப்பு இது. குழாயைச் சேஸிஸோடு பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அடியில்தான் சேறும் உப்பும் தங்கும். குழி அங்கே ஆழமாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் விழும்.

பலர் நம்பாத ஒன்று உண்டு. கடுங்குளிரில் வெளியே உறைந்து நிற்கும் காரை விட, இரவில் கதகதப்பான கராஜுக்குள் நிறுத்தப்படும் கார் சீக்கிரம் துருப்பிடிக்கக்கூடும். வெப்பம் கூடினால் வேதிவினை வேகமெடுக்கும். மக்னீசியம் குளோரைடோ காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு, சாலை காய்ந்த பிறகும் குழாயை நனைத்தபடி இருக்கும்.

இத்தனை நடந்தும் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் என்னை மிகவும் கலங்கவைக்கும் செய்தி. அன்றாடம் சிக்னலில் மெதுவாக மிதிக்கும்போது எழும் குறைந்த அழுத்தத்தை, பாதிக்கு மேல் அரித்துப்போன குழாயும் தாங்கிவிடும். அது வெடிக்கும் நேரம் வேறு. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும், முன்னால் போகும் லாரி சட்டென்று நிற்கும். அப்போது நம் பலம் அத்தனையும் சேர்த்து மிதிப்போம். குழாய்க்குள் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதும், பிரேக் நமக்கு மிக அவசியமாக இருப்பதும் ஒரே நொடியில். ஆகவே "இத்தனை நாள் ஓடியது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்பதும் செல்லாது. எப்போது பலமாக மிதிக்க வேண்டிவரும் என்பதைத் தீர்மானிப்பது சாலை.

ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு சுற்று போனாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் எவ்வளவு வேலை? இப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு விதியின்படி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஒரு சுற்று போன நிலையில் அதே விதி அனுமதிக்கும் தூரம் 168 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த 98 மீட்டரில் என்னென்ன நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் துருவைக் கண்டதும் அலற வேண்டுமா? வேண்டாம். மேலே லேசாகப் படிந்த பழுப்பு நிறம் முடிவல்ல. துடைத்துப் பார்த்து அடியில் குழாய் வழவழப்பாக இருந்தால் அது கவனித்துவர வேண்டிய நிலை. செதில் செதிலாக உரிந்து, குழாயே மேடுபள்ளமாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பிரிட்டனின் எம்ஓடி ஆண்டுச் சோதனை, சுவரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், தேய்ந்திருந்தாலே வண்டியை நிராகரிக்கச் சொல்கிறது. கால் மில்லிமீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் மாற்றச் சொல்வேன். எங்காவது ஈரம் கசிந்திருந்தாலோ, மிதி வழக்கத்தை விடக் கீழே இறங்கினாலோ, பிரேக் ஆயில் அளவு காரணமின்றிக் குறைந்தாலோ, அந்த வண்டியை மெக்கானிக் கடை வரைகூட ஓட்டிப் போகக் கூடாது. இழுவை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

பழுதுபார்ப்பதில் பெரிய சபலம் ஒட்டுப் போடுவது. ஓட்டை விழுந்த அரை அடியை வெட்டிவிட்டு நடுவில் புதுத் துண்டு சேர்ப்பார்கள். ஆனால் எல்லாக் குழாயும் ஒரே நாளில் பிறந்து ஒரே உப்பைக் குடித்தவை. வெட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அடுத்த குழி காத்திருக்கும். ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்குபவர்களும் உண்டு. அது கொலைக்குச் சமம். வளையம் வைத்து இறுக்கும் கம்ப்ரெஷன் இணைப்புகளையும் எம்ஓடி விதி ஏற்பதில்லை. குழாயின் முனையை இரட்டையாக மடித்து விரித்து, அதற்குரிய நட்டால் இணைப்பதே முறை.

மாற்றுவதென்றால் எதைப் போடுவது? எஃகுக் குழாயே போட்டால் சில ஆண்டுகளில் பழைய கதை திரும்பும். 90 சதவீதம் தாமிரமும் 10 சதவீதம் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. கடல்நீரையே தாங்கும் உலோகம் என்பதால் கப்பல்களில் பயன்படுவது. வோல்வோ நிறுவனம் 1970-களிலேயே தன் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது. கையாலேயே வளைக்கலாம், முனையை மடிக்கும்போது விரிசல் விடாது. விலை கொஞ்சம் அதிகம். ஆனால் இந்த வேலையில் பணம் போவது குழாய்க்கு அல்ல, கூலிக்கு. பெட்ரோல் டேங்குக்கு மேலே ஓடும் குழாயை எடுக்க டேங்கையே இறக்க வேண்டிவரும். இறுகிப்போன நட்டுகள் உடையும், காலிபரில் காற்று எடுக்கும் திருகும் உடையும். பிறகு உள்ளே புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்று சுருங்கும் பொருள்; குழாயில் அது இருந்தால் மிதியின் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் அதன் பெட்டிக்குள் சிக்கிய காற்றை எடுக்கக் கணினிக் கருவியும் தேவை.

செலவைக் கேட்டதும் "இந்தப் பழைய வண்டிக்கு இவ்வளவா?" என்று தோன்றும். அதற்கு விடை குழாயில் இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி சேஸிஸ் பட்டைகள், சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கும் அளவுக்கு இரும்பு மக்கியிருந்தால் புதுக் குழாய் போடுவது வீண்; காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம். பக்கத்திலேயே ஓடும் பெட்ரோல் குழாயையும் பார்க்க வேண்டும், அதுவும் அதே வயதுதான். வண்டியின் உடம்பு உறுதியாக இருந்தால், பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடாதீர்கள். இதே அளவு நம்பகமான இன்னொரு வண்டி வாங்க என்ன ஆகும் என்பதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் குழாய் மாற்றுவதே லாபமாக இருக்கும். பழுதுபார், இல்லையேல் நிறுத்து. அப்படியே ஓட்டுவது என்ற மூன்றாவது வழியை நான் ஏற்கமாட்டேன்.

உற்பத்தி செய்தவர் பொறுப்பேற்பார் என்று காத்திருக்கவும் முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்யூவி வகைகளில் குழாய் துருப்பிடிப்பதை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தது. ஏறக்குறைய 50 லட்சம் வண்டிகள். 2015 ஏப்ரலில் விசாரணை முடிந்தபோது, இது வடிவமைப்புக் குறையல்ல, உப்பில் பல ஆண்டு ஓடியதால் வந்த தேய்மானம் என்று முடிவாயிற்று. திரும்பப் பெறும் உத்தரவு வரவில்லை. ஏழெட்டு ஆண்டு பனிக்காலங்களைக் கண்ட வண்டிகளில் குழாய்களைச் சோதியுங்கள், அரிப்பு கடுமையாக இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள் என்று அந்த அமைப்பு உரிமையாளர்களுக்கு அறிவுரை சொன்னது.

சோதிக்க யார் இருக்கிறார்கள்? டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் கார்களுக்கு ஆண்டுச் சோதனை கிடையாது. தமிழர்கள் நிறைந்து வாழும் டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோவிலும், வண்டி கைமாறும்போதுதான் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து ஆண்டு ஓட்டினாலும் யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. புதிதாகக் குடியேறியவர்களும் மாணவர்களும் முதலில் வாங்குவது பழைய கார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பனிக்காலத்தில் அவ்வப்போது வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். பனி முடிந்ததும் ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். டயர் மாற்றப் போகும்போது வண்டி லிஃப்டில்தானே நிற்கும், "பிரேக் குழாயை, டேங்குக்கு மேலேயும் பின் அச்சுப் பக்கத்திலும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டார்ச் அடித்து அவர் காட்டும் இடத்தை நீங்களும் நின்று பாருங்கள்.