மாடி அறைக்கு வரும் அழைப்புகள்

திருப்பதியில் எங்கள் மாடி அறைகள் இரண்டைத் திருமலை யாத்ரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். பலகை மாட்டியது முதல் தொலைபேசி ஓயவில்லை. "உங்கள் அறையை இணையத்தில் முதலிடத்தில் காட்டுகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்றார் ஒருவர். தமிழிலேயே பேசுகிறாரே என்று நம்பி 5,000 ரூபாய் கட்டினேன். ஒருவரும் வரவில்லை.

விற்பனை அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களே உரியவை. சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து விற்க வந்தால் 1909-இல் புகார் செய்யலாம்.

முன்பணம் அனுப்புவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணைப் போடச் சொல்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. பணம் பெற அந்த எண் வேண்டியதில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இப்போதெல்லாம் நான் ஒன்றே சொல்கிறேன்: "ஆள் வந்து தங்கட்டும், கமிஷன் தருகிறேன்." மறுமுனையில் பேச்சு நின்றுவிடுகிறது.