வலை கட்டாத சிலந்தி

சிலந்தி என்றால் நமக்கு வலைதான் நினைவுக்கு வரும். திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் பந்தல் போட்டு, அந்தப் புண்ணியத்தில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் சிலந்தியும் வலை கட்டியதுதான். ஆனால் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக் கழனிகளில் நெல்லுக்குக் காவல் இருக்கிற முக்கியமான சிலந்தி ஒன்று வலையே கட்டாது. ஓடிப் பிடிக்கும். தண்ணீர்மேலும் ஓடும். நடவுக்கு வரும் பெண்கள் "எட்டுக்கால் பூச்சி" என்று கையை உதறிவிட்டு அடுத்த குத்தை ஊன்றப் போய்விடுவார்கள். புத்தகங்களில் இதற்கு ஓநாய்ச் சிலந்தி என்று பெயர்.

இந்தச் சிலந்தி 'பார்டோசா' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கோக் என்ற ஜெர்மானியர் 1847ல் வைத்த பெயர். இன்றைக்கு அந்த ஒரே வம்சத்தில் 500க்கும் மேற்பட்ட வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பனி உருகும் கிரீன்லாந்திலும் ஒரு பார்டோசா உண்டு, இமயமலையிலும் உண்டு. நம் சேற்றில் ஓடுவது 'பார்டோசா சூடோஅன்னுலேட்டா'. இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை நெல் விளையும் ஊர்களில் எல்லாம் இருக்கிறது. பழைய வேளாண்மைக் கையேடுகளில் 'லைகோசா' என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், வேறு பூச்சி என்று குழம்ப வேண்டாம். இந்தியாவின் ஓநாய்ச் சிலந்திகளை திகாதரும் மல்ஹோத்ராவும் சேர்ந்து 1980ல் ஒரு தொகுதியாகவே எழுதினார்கள். ஒரு வகையை இன்னொன்றிலிருந்து சரியாகப் பிரிக்க உருப்பெருக்கியில் அதன் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். அது நமக்கு வேண்டாத வேலை. பழுப்பு உடம்பு, முன்முதுகில் உண்டிவில் கவை மாதிரி ஒரு குறி, குத்தின் அடியில் தண்ணீரை ஒட்டி நிற்கும், கை பட்டால் சட்டென்று ஓடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தாய்ச் சிலந்தியை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. முட்டைகளை நூலால் உருண்டையாகக் கட்டிப் பின்பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டே வேட்டைக்குப் போகும். அந்த உருண்டையைப் பிடுங்கிவிட்டால் தேடி அலையும். பக்கத்தில் ஒரு பஞ்சுருண்டையை வைத்தால் அதையே எடுத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. குஞ்சுகள் பொரியும் நேரத்தில் தாயே உருண்டையைக் கடித்துத் திறந்துவிடும். 60 முதல் 80 வரை குஞ்சுகள் அப்படியே தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். பிறகு தனித்தனியாக நூல்விட்டுக் காற்றில் பறந்து அடுத்த கழனிக்கும் போகும். நாம் மட்டும் ஒழுங்காக இருந்து பக்கத்துக் கழனிக்காரர் விஷம் அடித்தால் நமக்கு நட்டம், நாம் வளர்த்தால் அவருக்கும் லாபம் என்பது இதனால்தான்.

பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987ல் நெல் உழவரின் நண்பர்களைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டது. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும் என்று அதில் இருக்கிறது. புகையான், தத்துப்பூச்சி, தண்டுத்துளைப்பானின் தாய்ப்பூச்சி எல்லாம் அதற்கு இரை. மேலே இலைகளுக்கு நடுவில், காலெல்லாம் முள்ளாக ஆக்ஸியோபஸ் என்று இன்னொரு வேட்டைச் சிலந்தி இருக்கும். அது நாளைக்கு இரண்டு மூன்று தாய்ப்பூச்சிகளைப் பிடிக்கும். ஒரு தாய்ப்பூச்சி போனால் அது இடவிருந்த முட்டைகளும் போயின.

புகையானுக்கு முன்னாலேயே சிலந்தி கழனிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. இரை இல்லாமல் எப்படி இருக்கும்? இந்தோனேசியாவின் ஜாவா தீவு நெல் வயல்களில் செட்டில் என்பவரும் கூட்டாளிகளும் இதைத் தேடிப் பார்த்து 1996ல் எழுதினார்கள். சேற்றில் மட்கும் பொருள் இருந்தால் அதைத் தின்னும் பொடிப்பூச்சிகள் பெருகும். கொசு மாதிரியே இருந்து கடிக்காமல் பறக்குமே, அந்தச் சிறு ஈக்களும் அதில் சேர்த்தி. பயிருக்கு அவை ஒன்றும் செய்யாது. நட்ட முதல் மாதத்தில் சிலந்திக்குச் சோறு போடுவது அவைதான். புகையான் பறந்து வந்து இறங்கும்போது சிலந்தி ஏற்கெனவே குடும்பத்தோடு குடியிருக்கும்.

அப்படியானால் சேடையில் மடக்கி உழுத தக்கைப்பூண்டும், கோடையில் போட்ட ஆட்டுக்கிடையும், வண்டி வண்டியாக அடித்த எருவும் பயிருக்கு மட்டும் உரம் இல்லை. வெறும் யூரியாவில் வளர்ந்த கழனியில் இலை கரும்பச்சையாக நிற்கும், புகையானுக்குக் கொண்டாட்டம், காவலுக்கு ஆள் இருக்காது.

புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மேலே அடிக்கும் விஷம் பெரும்பாலும் முட்டையைத் தொடாது, சிலந்தியைத் தொட்டுவிடும். ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத கழனி கிடைக்கும். பிலிப்பைன்ஸில் கென்மோர் குழுவினர் 1984ல் வெளியிட்டது இதைத்தான்: அடித்த வயலில் புகையான் ஏறியது, அடிக்காத வயலில் சிலந்திகள் அடக்கி வைத்தன. 1986 நவம்பரில் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அதனால் அந்த நாட்டின் நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

நம் வேளாண் பல்கலைக்கழகமே புகையான் கணக்கில் சிலந்தியைச் சேர்த்திருக்கிறது. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது அவர்கள் பரிந்துரை. கடையில் டப்பா விற்பவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன சம்பாவில் வேட்டவலம் சாலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்தார். ஆற்காடு கிச்சிலி போட்டிருந்தார், இயற்கை வழியில்தான். "தம்பி, அடியில புகையான் இருக்கறாப்ல தெரியுது. அக்னி அஸ்திரம் காய்ச்சி வெச்சிருக்கேன், நாளைக்கு அடிச்சிடட்டுமா?" என்றார். "எத்தனை இருக்குதுண்ணா?" என்றேன். எண்ணவில்லை. "சிலந்தி?" அதையும் பார்க்கவில்லை. போய் இருபது குத்தைத் தட்டிப் பார்த்தோம். பூச்சி தூருக்கு ஒன்றுகூடத் தேறவில்லை, சிலந்தி பெரும்பாலான குத்தில் இருந்தது. தண்ணீரை வடித்துக் காயவிட்டார், அவ்வளவுதான்.

இதை நம் ஆட்களிடம்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டப்பா மருந்தை விட்டுவிட்டோம், ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது அடித்தே ஆகவேண்டும் என்கிற பழக்கம் போகவில்லை. அக்னி அஸ்திரத்தில் புகையிலை இருக்கிறது. புகையிலையின் நிக்கோட்டினுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. வேப்பங்கொட்டைக் கரைசல் சிலந்திக்கு அந்த அளவு கேடு செய்வதில்லை. எண்ணிப் பார்த்து, தேவை என்றால் அதிலிருந்து தொடங்கலாம். புகையிலைக் கரைசலைக் கடைசிக் கையாக வைத்துக்கொள்ளுங்கள், அதையும் பூச்சி இருக்கும் பாத்தியோடு நிறுத்துங்கள்.

வரப்பையும் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்து கழனி காயும்போது சிலந்தி ஒதுங்குவது அங்கேதான். அண்டை வெட்டும்போது மொட்டையாகச் சுரண்டாமல் ஒரு பக்கமாவது புல்லை விட்டு வைக்கலாம். களைக்கொல்லி கூடவே கூடாது. சிறு சிறு வைக்கோல் கற்றைகளை வரப்போரம் போட்டு வைத்தாலும் அதனடியில் தங்கும். மார்கழிக் காலையில் வரப்புப் புல்மேல் பனித்துளியோடு துணி விரித்தாற்போல் வலைகள் தெரியுமே, அது ஹிப்பாசா என்ற சிலந்தி. அதுவும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பம்தான், ஆனால் வலை கட்டும். குடும்பத்தில் ஒருத்தர் அப்படித்தான் இருப்பார். நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும், குனிந்து எண்ணவும் வசதி.

பகலில் எண்ணக் கண் பழகாதவர்கள் இரவு எட்டரை, ஒன்பது மணிக்குப் போங்கள். டார்ச்சை நெற்றிப் பொட்டுக்கு நேராகக் கண்ணை ஒட்டிப் பிடித்து, வரப்பிலும் பயிரின் அடியிலும் மெதுவாக ஓட்டுங்கள். இந்தச் சிலந்தியின் எட்டுக் கண்ணில் பெரிய கண்கள் பூனைக்கண் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். வெளிர்பச்சையாகப் புள்ளி புள்ளியாய் மின்னும். பனித்துளி என்று நினைத்துவிட வேண்டாம், கிட்டப் போனால் நகரும். நவரை நடவு முடிந்த இருபதாம் நாள் ஒருமுறை, நாற்பதாம் நாள் ஒருமுறை எண்ணி நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த கூட்டத்தில் அவரவர் கணக்கை வைத்தே பேசலாம்.