கல்லீரல் அறுவைக்குப் பின் உதரவிதானப் பிதுக்கம்

மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் திரை உதரவிதானம் எனப்படும். வயிற்றறையில் அழுத்தம் மிகுதி, மார்பறையில் குறைவு. ஆகவே இத்திரையில் துளை ஏற்படுமாயின் குடல் மேல்நோக்கி இழுக்கப்படும். வலப்புறத்தில் இதனைத் தடுத்து நிற்பது கல்லீரலே. அதன் பெரும்பகுதியை வெட்டி எடுக்கையில் அந்தக் காப்பும் அகன்றுவிடுகிறது.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 1998 நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி புது தில்லி அப்போலோ மருத்துவமனையில் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. அதன்பின் இந்நாட்டில் கல்லீரல் மாற்று பெரும்பாலும் உறவினரின் கொடையையே சார்ந்து வளர்ந்தது. பெறுபவர் வயது வந்தவராயின் வழக்கமாக வலது மடலே எடுக்கப்படுகிறது. அது முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 60 விழுக்காடு. கொடையாளரோ நோயாளி அல்லர். நல்ல உடல்நலத்துடன் அறுவைக்கு உட்படுபவர். ஆதலின் அவருக்கு நேரும் சிக்கல், அரிதாயினும், தனிக் கவனத்துக்குரியது.

கல்லீரலை உதரவிதானத்தோடு பிணைக்கும் நார்களை அறுத்துப் பிரிக்கும்போது தசையில் நுண்ணிய கிழிசல் உண்டாகலாம். இரத்தக் கசிவை நிறுத்தும் மின்கருவியின் சூடு பட்ட இடம் அன்று முழுமையாகத் தோன்றிப் பின்னர் நைந்துபோகவும் கூடும். எஞ்சிய கல்லீரல் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. எனினும் பழைய வடிவம் திரும்புவதில்லை. மாற்றுக் கல்லீரல் பெறும் குழந்தைகளுக்கும் இவ்வாபத்து உண்டு. அவர்களின் உதரவிதானம் மெல்லியது. நெடுநாள் நோயினால் ஊட்டமும் குன்றியிருக்கும்.

மக்கள் வழக்கில் இத்தகைய நோய்கள் 'குடலிறக்கம்' எனப்படும். இங்கோ குடல் இறங்குவதில்லை, ஏறுகிறது. அதுவும் உடனே அன்று; மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்து. மூச்சுத் திணறல், வயிற்று வலி, வாந்தி, வலத் தோள்வலி ஆகியவை குறிகள். பழைய அறுவையைக் குறிப்பிடாமல் நோயாளி உள்ளூர் மருத்துவமனைக்கு வருவாராயின், எக்ஸ்ரே படத்தில் மார்பின் அடிப்பகுதியில் தெரியும் நிழல் நிமோனியாவாகவோ நுரையீரல் உறையில் தேங்கிய நீராகவோ கருதப்படலாம். நீரை வடிக்கக் குழாய் செலுத்தினால் அது குடலையே துளைக்கக்கூடும். வயிற்றில் பழைய தழும்பு உள்ளதா எனப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஐயமிருப்பின் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

மருந்தினால் இது தீராது. குடலைக் கீழிறக்கி, கரையாத நூலால் துளை தைக்கப்படுகிறது. துளை பெரிதாயின் செயற்கை வலை பொருத்தப்படுகிறது. வலி இல்லாதவர்க்கும் இவ்வறுவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. துளையில் சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால், அழுகிய பகுதியை வெட்டி எடுப்பது தவிர வேறு வழி இராது.